வாரிக் கொட்டியது

"சரி விடும்மா, அதுக்கு வயசாயிடுச்சு. முட்டையெல்லாம் எடுத்து வச்சிருக்கேல்ல?" என்று மகள் போன் ஸ்பீக்கரில் கேட்டபோது, என் மனைவி காலிக் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு வேலை அவளுக்கு. வீட்டிலும் கை சும்மா இருக்காது.

"என்ன முட்டை?"

கூண்டில் அதுவரை இருந்தது, காய்ந்த குச்சி போலவே தெரியும் ஒரே ஒரு குச்சிப்பூச்சி. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிய மகள், அதை மட்டும் எங்களிடம் விட்டுப்போனாள். அதன்பிறகு தாயும் மகளும் பேசியதெல்லாம் அந்தப் பூச்சியைப் பற்றித்தான். தழை மாற்றினாயா, தண்ணீர் தெளித்தாயா, தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்கும்போது தொட்டுவிடாதே. 'சாப்பிட்டியா' என்பது கடைசியில், போகிற போக்கில் வரும். பூச்சி செத்துக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. இனி எதைச் சாக்கிட்டுப் பேசுவது?

"விதை மாதிரி கீழ போட்டிருக்கும்மா. ஒரு பக்கம் குட்டியா மூடி இருக்கும்."

"ஆம்பளப் பூச்சியே இல்லாமயா?"

"இதுக்கெல்லாம் ஆம்பள வேண்டாம்மா."

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மாதக்கணக்கில் அத்தனையையும் எச்சம் என்று கூட்டி அள்ளி, நல்ல எருவாயிற்றே என்று பால்கனி ரோஜாத் தொட்டியில் போட்டிருக்கிறாள். வார்டில் ஒரு தூசி விடமாட்டாள் என்று பெயர் வாங்கிய கை. "எல்லாத்தையும் நானே வாரிக் கொட்டிட்டேன்டி" என்றாள். மகள் போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"வீடியோவுல வா. தொட்டியக் காட்டு."

நான் போனைப் பிடித்துக்கொண்டேன். மனைவி மேல்மண்ணைக் கிளறி, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது?"

"எச்சம்."

"இது?"

"அதுவும் எச்சந்தான். கண்ணாடியப் போட்டுக்கோம்மா."

"இது?"

"இன்னும் கிட்டக் காட்டு. அம்மா, மூடி தொறந்திருக்கு! குஞ்சு வெளிய வந்துடுச்சு. நூல் மாதிரி அங்கதான் எங்கயாவது இருக்கும். ரெண்டு பேரும் காலை எடுத்து வைக்காதீங்க!"

அவள் குனிந்தபடியும் நான் ஒரு குதிகாலைத் தூக்கியபடியும் அப்படியே நின்றோம்.

"இலைக்கு அடியில பாரும்மா. மெதுவாப் பாரு, நான் போனை வைக்கல."

மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு முதல் இலையை விரல் நுனியால் திருப்பினாள்.