கன்ட்ரோல், அப்புறம் என்ன?

தாமரைச்செல்விக்குக் கம்ப்யூட்டரின் குறுக்குவிசைகள் அத்தனையும் தெரியும். தெரியாததுபோல் இருக்கத்தான் அவள் பாடுபட வேண்டியிருந்தது.

நெல்லித்தோப்பு வீட்டில் அவளுக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை. தம்பிகளைக் கரையேற்றியதிலேயே கல்யாண வயது கடந்துபோயிற்று. அவர்களும் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். பேச்சுத்துணை என்றால் இந்த மொழிபெயர்ப்பு அலுவலகம்தான். அதிலும் ஜன்னலோர மேசை ரஃபாயேல்தான். மனைவியை இழந்தவர். தானாக யாரிடமும் பேச்சுக் கொடுக்கமாட்டார். வேலையில் சந்தேகம் கேட்டால் மட்டும் எழுந்து வருவார்.

அதனால் அவள் கேட்டாள்.

“சார், மொத்தமா செலக்ட் பண்றதுக்கு கன்ட்ரோல்... அப்புறம் என்ன?”

“ஏ. நேத்தும் இதையேதான் கேட்டீங்க. சோறு தின்னா மறந்துடுமா?”

“வெண்டைக்கா நிறைய சாப்பிடச் சொல்றாங்க சார்.”

“சாப்பிடுங்க. எனக்கும் கொஞ்சம் நடை மிச்சமாவும்.”

சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார். அந்தச் சிரிப்பை வைத்தே அவள் சாயங்காலம் வரை ஓட்டிவிடுவாள்.

அன்று மதியம் ரஃபாயேல் சாப்பிட அரியாங்குப்பம் போயிருந்தார். அவர் முடித்து வைத்திருந்த தாள்களை வாங்க வந்த பெரியவர் ரேமோன், பிரித்த கையோடு கத்தினார். இரவு அவருக்குப் பாரிஸ் விமானம். சென்னை போகக் கார் வாசலில் நின்றது.

“எம் பேருல கடைசி டி எங்கம்மா? பாஸ்போர்ட்ல இருக்கே!”

தமிழ்ப் பத்திரத்தில் ரேமோன் என்றிருந்ததைக் காதில் விழுகிற மாதிரியே பிரெஞ்சில் அடித்திருந்தார் ரஃபாயேல். வாயில் வராத எழுத்து தாளிலும் வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அதே பிழை.

முதலாளி ஜிசேல் அம்மாள் ரஃபாயேலைப் போனில் பிடித்தாள். திரும்பி வரும் வழியில் ஆற்றுப் பாலத்து நெரிசலில் மாட்டியிருந்தார். போனை வைத்தவள், “இனிமே அந்த ஆளு எனக்கு வேணாம். வேற ஆள் பாத்துக்கறேன்” என்றாள்.

தாமரைச்செல்வி எழுந்து போய் ரஃபாயேலின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்ட்ரோல் எச். பழைய பெயர், சரியான பெயர், எல்லாவற்றையும் மாற்று. கன்ட்ரோல் எஸ். கன்ட்ரோல் பி. அச்சு இயந்திரம் தாள்களைத் தள்ளத் தொடங்கியது.

வேர்த்து விறுவிறுத்து ரஃபாயேல் ஓடிவந்தபோது கார் கிளம்பிவிட்டிருந்தது.

“யாரு பண்ணது?”

“நம்ம செல்விதான்” என்றாள் ஜிசேல், கோபம் இறங்கி. “மவுச தொடவே இல்ல. பியானோ வாசிக்கிற மாதிரி வாசிச்சுட்டா. மெர்சி சொல்லுங்க அவளுக்கு.”

ரஃபாயேல் அவளைப் பார்த்தார். “கன்ட்ரோல் எச்சா? அத நான் சொல்லியே தரலியே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மெர்சி” என்று நன்றி சொன்னார். தன் மேசைக்குத் திரும்பினார்.

அதன்பிறகு எதைக் கேட்பது? எந்த முகத்தோடு மறந்துவிட்டது என்பது? நாள்தோறும் வேலை சீக்கிரமே முடிந்தது. மிஞ்சிய நேரத்தில் சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேசைக்கு வர ரஃபாயேலுக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்தாள். வெளிச்சத்தில் அந்த வீடு இன்னும் காலியாகத் தெரிந்தது.

ஒரு மாலை, பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து அவர் மேசையருகே நின்றாள்.

“என்ன செல்வி, ஏதாவது சந்தேகமா?” திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“இல்ல சார். எல்லாம் தெரியும். சும்மாதான் வந்தேன்.”

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. பக்கத்து நாற்காலியில் குவிந்திருந்த கோப்புகளை ரஃபாயேல் எடுத்துத் தரையில் வைத்தார்.