மூஞ்சூறும் பதினேழு சென்டிமீட்டரும்

ஓடைக்கரை ஊராட்சி அலுவலகச் சுவரில், டெங்கு ஒழிப்பு விளம்பரத்துக்கும் வீட்டு வரி நினைவூட்டலுக்கும் நடுவில் அந்த ஏல அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. இத்தாலி நாட்டுத் தயாரிப்பு, இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார், முன்பக்க என்ஜின், பன்னிரண்டு சிலிண்டர், மயில்கழுத்து நீலம். வாங்கி நான்கு வருடம் ஆகிறது, ஓடியது வெறும் அறுநூற்றுப் பதினோரு கிலோமீட்டர். இந்தக் கடைசித் தகவலை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு அடியில் கோடும் இழுத்திருந்தார்கள். 'உரிமையாளரால் மிகக் கவனமாகப் பராமரிக்கப்பட்டது' என்று பக்கத்தில் ஒரு விளக்கம் வேறு.

வார்டு மெம்பர் வெற்றிச்செல்வி அதை இரண்டு முறை படித்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள் என்பதால் கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். கோபம் வந்தால் அதன் நுனியைப் பிடித்து முறுக்குவாள். இப்போது முறுக்கினாள்.

கவனமாவது, பராமரிப்பாவது. அந்தக் கார் ஓடாமல் கிடந்ததற்கு அவள்தான் காரணம். நியாயப்படி அறிவிப்பில் அவள் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

காருக்குச் சொந்தக்காரர் குருமூர்த்தி, சுண்ணாம்புக்கல் லாரி காண்டிராக்டர். அவருடைய லாரிகள் சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு, பின்னால் யாரோ துரத்தி வருகிற மாதிரி ஓடைக்கரைப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் பறக்கும். அப்படிப் பறந்ததில் அடிபட்டவை இரண்டு ஆடு, ஒரு சைக்கிள், அறிவரசனின் வலது கால். கலெக்டர் ஆபீஸுக்குப் போன மனுவில் இதே வரிசையில்தான் எழுதியிருந்தது. ஆட்டுக்காரர் முதலில் வந்து எழுதச் சொன்னாராம். அறிவரசன் வெற்றிச்செல்வியின் கணவன். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். "அவங்க தையலும் பரவால்ல, ஆனா ஒன் கை வராது" என்று அங்கே படுத்துக்கொண்டே பெண்டாட்டிக்குச் சான்றிதழ் கொடுத்தான்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் திங்கட்கிழமைதோறும் வெற்றிச்செல்வி அரியலூருக்கு பஸ் ஏறினாள். வேகத்தடை கேட்டு அவள் கொடுத்த மனுக்களை அடுக்கினாலே லாரி நின்றுவிடும் என்பார்கள் ஊரில். கடைசியில் ஒரு நாள், வேறு எங்கோ ரோடு போட்டு மிச்சமான தாரைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்து முன்னால் மொத்தமாகக் கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். கை தாராளமாகிவிட்டது. வேகத்தடை கொஞ்சம் குண்டாகப் பிறந்தது. அன்றிலிருந்து லாரிகள் அதற்கு முன்னால் வந்து பெருமூச்சு விட்டு நின்று, ஏறி, இறங்கிப் போயின. ஒரு கோழிகூடச் சாகவில்லை.

வேகத்தடை போடுவதற்குப் பத்து நாள் முன்னால்தான் குருமூர்த்தியின் இத்தாலிக் கார் மூடிய லாரியில் வந்து இறங்கியிருந்தது. நீளமான மூக்கு, தரையை முகர்ந்துகொண்டே போகிற உடம்பு. ஊர் அதற்கு மூஞ்சூறு என்று பேர் வைத்தது. வேகத்தடையில் ஏற்றப் பார்த்த முதல் நாளே மூக்கு உரசி எழுந்த சத்தத்தில் குருமூர்த்தி பாதி உயிராகிவிட்டார். அதோடு சரி. வீட்டு கேட்டிலிருந்து வேகத்தடை வரை முந்நூறு மீட்டர், திரும்பி முந்நூறு மீட்டர். அலுத்துப்போனால் தன் முந்திரித் தோப்பை இரண்டு சுற்று. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகிற வண்டி இப்படியே நான்கு வருடம் ஊருக்குள் குடித்தனம் நடத்தியது. பிறகு அவர் தொழில் படுத்தது, பேங்க் வந்தது, காரில் ஜப்திச் சீட்டு ஒட்டியது.

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் வெற்றிச்செல்வி நினைத்திருந்தாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்து முன்னால் இரண்டு பேர் குனிந்து நின்று வேகத்தடையை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பேங்க் அதிகாரி பிரசாத், சென்னைக்காரர், இஸ்திரி கலையாத சட்டை. இன்னொருவர் ஒன்றிய அலுவலக ஓவர்சியர் ஜெயப்பிரகாஷ்.

"பதினேழு சென்டிமீட்டர்" என்றார் ஓவர்சியர், தொலைந்த மோதிரம் கிடைத்த சந்தோஷத்தில். "விதிப்படி பத்துதான் இருக்கணும் மெம்பரம்மா."

"போடுறப்ப நீங்கதான சார் நின்னு போட்டீங்க?"

"போடுறப்ப அளக்கலம்மா."

பிரசாத் கும்பிட்டார். "ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் மேடம். நாளைக்கு ஒருத்தர் காரப் பாக்க வர்றாரு. கோயம்புத்தூர் பார்ட்டி. மெயின் ரோடு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஏலத்துல கேப்பேன்னு சொல்றாரு. இத மட்டும் எடுத்துட்டா ஈஸியாப் போயிரும்."

"லாரில ஏத்திட்டுப் போங்க. அது வந்ததே லாரிலதான்."

"ஏத்திட்டுப் போனா ஓட்டிப் பாத்ததா ஆகாது மேடம். ஏலம் எடுக்க வர்றதே அவர் ஒருத்தர்தான். முடிஞ்சதும் திரும்பப் போட்டுருவோம்."

"யாரு போடுவா?"

பிரசாத் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

"எஸ்டிமேட் போடணும், அப்ரூவல் வரணும்" என்றார் கொடிக்கம்பத்திடம். "முன்னாடி எவ்ளோ நாளாச்சு ஒங்களுக்கு?"

"மூணு வருசம்."

"அப்ப ஒங்களுக்கு வழி தெரியும்."

வெற்றிச்செல்விக்குக் காது மடல் சுட்டது. மூன்று வருடம் அவள் கேட்டது ஒன்றுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து நின்று லாரி என்ன வேகத்தில் போகிறது என்று பாருங்கள். அதற்கு ஆள் இல்லை, கருவி இல்லை, ஜீப்புக்கு டீசல் இல்லை. இப்போது ஒரு காரின் மூக்குக்காக ஆள் வந்திருக்கிறது, டேப் வந்திருக்கிறது, ஜீப்பும் நிற்கிறது. மனிதன் காலுக்கு இல்லாத சென்டிமீட்டர் கணக்கெல்லாம் தகரத்துக்கு இருக்கிறது.

"சார்" என்றாள் பிரசாத்திடம். "ஒங்க நோட்டீஸ்ல கடைசி வரி என்னங்க?"

"எந்த வரி மேடம்?"

"எங்குள்ளதோ அங்கே, எவ்வாறுள்ளதோ அவ்வாறே. எல்லா ஏல நோட்டீஸ்லயும் போடுவீங்களே. கார் எங்க இருக்கு? ஸ்பீடு பிரேக்கருக்கு உள்ளார இருக்கு. எவ்வாறு இருக்கு? வெளிய போவ முடியாம இருக்கு. அவ்வாறே வித்துக்குங்க."

"அது வாங்குறவருக்குப் போட்ட கண்டிஷன் மேடம்."

"கையெழுத்து ஒங்களுதுதான?"

பிரசாத் சிரித்தார். சிரிக்கிறவர்கள் காரியத்தை ஏற்கெனவே முடித்துவிட்டவர்கள் என்பது அவளுக்குத் திங்கட்கிழமைகளில் கற்ற பாடம். ஓவர்சியர் ஃபைலைத் திறந்து காட்டினார். விதிமீறிய வேகத்தடையை அகற்றி, நாளை மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று உத்தரவே வந்திருந்தது. தேதி முந்தாநாள். அவளுடைய முதல் மனுவுக்குப் பதில் வரப் பதினான்கு மாதம் ஆனது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜேசிபி வந்தபோது வேகத்தடையின் மேல் பாய் விரித்து வெற்றிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்பது சீருடைச் சட்டை. ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

அறிவரசன் பிளாஸ்க்கில் டீயோடு சாய்ந்து சாய்ந்து வந்தான். "வூட்டுல ஒக்காந்து தைச்சா லைட்டு பத்தலன்னு சொல்லுவ. இங்க நல்ல வெளிச்சம்."

"கிண்டல் பண்ணாதீங்க. நான் எரிச்சல்ல இருக்கேன்."

"தெரியுது. மூணாவது பட்டன நாலாவது காஜாக்கு நேராத் தைச்சிருக்க."

அவள் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள். "ஒங்க கால ஆட்டுக்கும் சைக்கிளுக்கும் கீழ எழுதுனானுங்களே, அன்னைக்கே நான் எந்திரிச்சிருக்கணும்ங்க."

அறிவரசன் டீயை ஊற்றி ஜேசிபி டிரைவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தான். டிரைவர் இறங்கி வந்து குடித்துவிட்டு, "அக்கா எந்திரிக்காம நான் பக்கெட்ட எறக்க மாட்டேங்க, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று ஓவர்சியரிடம் சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். ஓவர்சியர் போலீஸுக்கு போன் போட்டார். வண்டி திருமழபாடி கோயில் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறது, மத்தியானம் வரும் என்றார்கள்.

பத்து மணிக்குக் கோயம்புத்தூர் பார்ட்டி வந்து இறங்கினார். பேர் பாலசுந்தரம். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ரப்பர் செருப்பு. நேரே குருமூர்த்தி வீட்டுக்குப் போனார். பத்து நிமிடத்தில் இடி உருளுகிற சத்தத்தோடு மூஞ்சூறு தெருவில் வந்தது. பள்ளிக்கூட ஜன்னல் முழுக்கத் தலை. வேகத்தடைக்கு முன்னால் கார் நின்றது. பாலசுந்தரம் இறங்கிப் பாயைப் பார்த்தார், சட்டைகளைப் பார்த்தார், ஜேசிபியைப் பார்த்தார்.

"என்னங்க பிரசாத், இந்தம்மா எதுக்கு ரோட்டுல உக்காந்திருக்காங்க?"

"ஒண்ணுமில்ல சார், இப்ப கிளியர் பண்ணிருவோம். ஸ்பீடு பிரேக்கர் ஹைட்டு ஜாஸ்தி. இதனாலதான் கார் வெளியவே போகல. இத எடுத்துட்டா..."

"இத எதுக்குங்க எடுக்கோணும்?" என்றார் பாலசுந்தரம். "என்ஜின் முன்னால இருக்குற வண்டி, மூக்கு நீளம். இடிக்கும்னு செஞ்சவனுக்கே தெரியுமல்லங்க. அதுக்குன்னு பட்டன் வச்சிருக்கான்."

உள்ளே கையை விட்டு எதையோ அமுக்கினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறவர் வேட்டியைத் தூக்கிப் பிடிப்பதுபோல மூஞ்சூறு தன் மூக்கை மெல்லத் தூக்கிக்கொண்டது.

ஜேசிபி டிரைவர், "அடப்பாவிங்களா" என்றார், யாரையும் குறிப்பிடாமல்.

காரைப் பற்றிய புத்தகம் கண்ணாடிக் காகிதம் பிரிக்காமல் உள்ளேயே கிடந்தது. கோடி கொடுத்துக் கார் வாங்கியவரும் பிரிக்கவில்லை, ஜப்தி செய்த பேங்கும் பிரிக்கவில்லை, அகற்றச் சொல்லி உத்தரவு போட்டவர்கள் காரையே பார்க்கவில்லை.

வெற்றிச்செல்வி எழுந்து பாயைச் சுருட்டினாள். பாலசுந்தரம் வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினார். அறிவரசன் முன்னால் நின்று, "இன்னும் ஒடிங்க, இன்னும் கொஞ்சம், அப்படியே வாங்க" என்று கையாட்டினான். எங்கும் உரசவில்லை. மூஞ்சூறு அந்தப் பக்கம் இறங்கி, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, ரெட்டிபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரே உறுமலில் மறைந்தது. பிரசாத் அதன் பின்னால் தன் காரை விரட்டிக்கொண்டு போனார். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்குக் கோபம் ஆறுவதற்குப் பதில் ஏறியது. ஒரு பட்டன். ஒரு பட்டனை அமுக்கத் தெரியாமல் ஒரு பள்ளிக்கூடத்தின் காவலைப் பெயர்த்தெடுக்க வந்திருக்கிறார்கள்.

"சரி, ஜேசிபிய அனுப்புங்க சார்" என்றாள் ஓவர்சியரிடம்.

ஜெயப்பிரகாஷ் நகரவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தார். "அது எப்படிம்மா அனுப்புறது? கார் போனது வேற, உத்தரவு வேற. சாயங்காலத்துக்குள்ள அகற்றப்பட்டதுன்னு அறிக்கை போயாவணும். போவலன்னா எனக்கு மெமோ வரும்."

"எதுக்காவ எடுக்கச் சொன்னாங்களோ அந்தக் காரே போயிருச்சு."

"உத்தரவுல கார்னு ஒரு வார்த்த இல்லம்மா. நல்லாப் பாத்துக்கங்க."

நல்லாப் பார்த்தாள். இல்லைதான். விதிமீறிய வேகத்தடை என்று மட்டும்தான் இருந்தது. டேப்பின் நுனியை முறுக்கத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

"அகற்றப்பட்டதுன்னு எழுதணும், அவ்ளோதான?"

"ஆமா."

"எழுதுங்க."

ஓவர்சியர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எழுதுங்க சார். ஒங்க ஆபீஸ்லேருந்து யாரும் இங்க வந்து பாக்கப் போறதில்ல. மூணு வருசம் கூப்புட்டவ நான், எனக்குத் தெரியும்."

"எழுதிட்டா ரெக்கார்டுல இந்த ரோட்டுல ஸ்பீடு பிரேக்கரே இல்லன்னு ஆயிரும்மா."

"ஆவட்டும். இல்லாதத எடுக்கச் சொல்லி அப்பறம் எவன் உத்தரவு போடுவான்?"

ஜெயப்பிரகாஷ் உத்தரவை இன்னொரு முறை படித்தார். அவருடைய பதினெட்டு வருடச் சர்வீஸ் அனுபவத்துக்கு இதில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்து, வேகத்தடை முற்றிலும் அகற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடிக்கும்வரை வேகத்தடையின் மேல்தான் நின்றிருந்தார்.

"எனக்கு ஒரு காப்பி குடுங்க" என்றாள் வெற்றிச்செல்வி. செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். மூன்று வருடத் திங்கட்கிழமைகள் ஒரே வரியில் இல்லாமல் போய்விட்டன. தானே சொல்லி எழுத வைத்ததுதான், ஆனாலும் யாரையாவது நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. ஜீப் போய்விட்டது. ஜேசிபியும் வேகத்தடையில் ஏறி இறங்கி அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வளைவில் திரும்பி வந்தது. டிரைவர் ரெக்கார்டு எதையும் படித்தவரில்லை. தூரத்திலேயே பிரேக் போட்டார்.