வாசிக்காமல் விட்ட ஜெபக்குறிப்பு

இன்னும் பிசைந்தால் மாவு கெட்டிப்பட்டுவிடும். எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு நவம்பரும் இதே மேஜையருகே நின்று, ஆப்பிளும் பூசணியும் உள்ளே வைத்த 'பை' பலகாரம் சுடுகிறவள் நான். ஆனால் கையை எடுத்தால் திரும்ப வேண்டும். திரும்பினால் போதகர் ஃபிஸ்க்கின் முகம். எனக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிற முகம். அந்தப் பொறுமைதான் எரிச்சலாக இருந்தது.

"என்ன ஹல்டா, ஐயா எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்றார் என் கணவர் அசாகேல்.

"உக்காரச் சொல்லுங்க."

ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த என் நாத்தனார் கெசியா சிரிப்பை மறைக்க இருமினாள்.

போதகர் உட்காரவில்லை. கையிலிருந்த தாளை விரித்தார். "இன்னொரு தரம் வாசிக்கிறேன், கேளும்மா. 'அசாகேலும் ஹல்டாவும், தங்கள் ஒரே மகன் ஒரினைத் தேசத்துக்காக ஒப்புக்கொடுக்கும் பாக்கியத்தைத் தேவன் தங்களுக்கு அருளியதற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்.' அவ்வளவுதான். வியாழக்கிழமை ஸ்தோத்திர நாள் ஆராதனையில வாசிச்சிடலாம். ரெண்டு பேரும் எழுந்து நின்னா போதும்."

பாக்கியம். அந்தச் சொல் மாவைப் போல விரலில் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து ஊர்களில் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். எங்கள் சபையில் இன்னும் இருக்கிறது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தால், காய்ச்சல் தெளிந்தால், ஸ்தோத்திரக் குறிப்பு. வீட்டில் சாவு விழுந்தால் ஜெபக்குறிப்பு. போதகர் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்க, அந்தக் குடும்பம் எழுந்து நிற்கும். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கை. பிறகு புரிந்தது: அந்தக் கொஞ்ச நேரமாவது துக்கத்தை ஊரே சேர்ந்து தூக்கிப் பிடிக்கிறது.

உள்நாட்டுப் போருக்குப் போன ஒரின், தெற்கே லூயிசியானா ராணுவ முகாமில் செத்தான். துப்பாக்கி எதிரே நின்று அல்ல. வயிற்றுப்போக்கில், பதினோரு நாள் கிடந்து. கடிதம் வந்தது ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலையே நான் ஜெபக்குறிப்பு எழுதிப் போதகர் வீட்டில் கொடுத்தேன். அந்த வியாழக்கிழமை, ஜூலையில் கிடைத்த வெற்றிகளுக்காக ஜனாதிபதி அறிவித்திருந்த ஸ்தோத்திர நாள். "இன்னிக்கு வேண்டாம்மா, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க," என்றார் போதகர். ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு சபைக்குப் பிரசங்கம் பண்ணப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வாசிக்கவில்லை; பிறகு கேட்டதற்கு, "ஊருக்கே தெரிஞ்சதுதானே," என்றார். அன்று ஆராதனை முழுக்க நான் எழுந்து நிற்கத் தயாராக, கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பாட்டும் முடிந்தது.

"இந்த வருஷம் நாடு முழுக்க ஒரே நாள்ல ஸ்தோத்திரம்," என்றார் போதகர். "ஜனாதிபதியே அறிவிச்சிருக்காரு. இப்படிப்பட்ட நாள்ல..."

"அதே அறிவிப்புல விதவைங்களையும் துக்கப்படுறவங்களையும் நினைச்சு ஜெபிக்கச் சொல்லியிருக்கு. நீங்கதான் வாசிச்சீங்க."

"நினைப்போம், நினைப்போம்." அவர் குரலில் பிரசங்க ராகம் ஏறியது. "கப்பல்ல இந்தக் கரைக்கு வந்து இறங்கின நம்ம முன்னோர்களைப் பாரு. முதல் குளிர்காலத்துலயே பாதிப் பேரைப் புதைச்சாங்க. ஆனாலும் ஸ்தோத்திரம் சொன்னாங்க."

"அப்புறம் ஒரு வருஷம் மழையில்லாம சோளம் காஞ்சுதே, அப்ப முதல்ல என்ன பண்ணாங்க ஐயா?"

"உபவாச நாள் வெச்சாங்க."

"பெறகு?"

"மழை வந்துச்சு. அதுக்கப்புறம் ஸ்தோத்திர நாள் வெச்சாங்க." போன ஞாயிறு அவர் சொன்ன கதைதான், அவராலேயே மறுக்க முடியவில்லை.

"அப்போ முதல்ல அழுதிருக்காங்க. கேட்டிருக்காங்க. கிடைச்சப்பறம்தான் ஸ்தோத்திரம். எனக்கு எந்த மழை வந்துச்சு?"

அவர் தாளை மடித்தார், விரித்தார். "உன் ஜெபக்குறிப்பைத்தான் சொல்றியா? அதை வசந்த கால உபவாச நாளுக்கு வெச்சுக்கலாம். ஏப்ரல்ல."

"ஏப்ரல் வரைக்கும் அதை எங்கே வெச்சிருக்கட்டும், நிலவறையிலயா?"

"உருளைக்கிழங்குக்குப் பக்கத்துல வை அண்ணி," என்றாள் கெசியா, கத்தியை நிறுத்தாமல். "ஏப்ரலுக்குள்ள முளைச்சிடும்."

"கெசியா!" என்று அதட்டினார் அசாகேல்.

பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். பிறர் எதிரே அவர் என்னை இத்தனை நெருங்கி நின்றதே இல்லை. "கடையில கேக்கறாங்க ஹல்டா, எந்தச் சண்டையில செத்தான்னு. என் வாயில வயித்துப்போக்குன்னு வரமாட்டேங்குது. இதை ஒரு தரம் வாசிச்சுட்டா அப்புறம் யாரும் கேக்கமாட்டாங்க."

எனக்கு அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. அதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. அவருக்கு இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மகன் வீணாகச் செத்தவன். எனக்கு இந்தக் குறிப்பை வாசித்துவிட்டால் மகன் சாகவே இல்லை, யாரோ கொடுத்த காணிக்கை ஆகிவிடுகிறான். இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத்தான் சண்டை போடுகிறோம். இதை எந்தப் போதகரிடம் சொல்ல?

"இன்னொன்னும் இருக்கும்மா," போதகரின் குரல் இறங்கியது. இப்போதுதான் உண்மையாகப் பேசினார் என்று தோன்றியது. "ஊர்லேர்ந்து இன்னும் ஆறு பையன்கள் பட்டாளத்துக்குக் கிளம்பறாங்க. அவங்க அம்மாக்கள் எல்லாம் அன்னிக்கு வருவாங்க. நீ எழுந்து நிக்கறதைப் பாத்தா அவங்களுக்குத் தைரியம் வரும்."

ஆக, அதற்குத்தான். நான் அந்த ஆறு பேரை நினைத்துப் பார்த்தேன். அதில் மூன்று பேர் பிறந்தபோது அவர்களுடைய அம்மாக்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த அம்மாக்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் நின்றால், பிள்ளையைப் பறிகொடுத்தும் நிற்க முடியும் என்று நம்புவார்கள்.

மாவிலிருந்து கையை எடுத்தேன். ஈரத்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். போதகர் அதைச் சம்மதமென்று நினைத்திருக்க வேண்டும். முகம் மலர்ந்து தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார்.

"வியாழக்கிழமை வருவேன் ஐயா," என்றேன். "பாட்டெல்லாம் பாடுவேன். இவருக்கு வேணும்னா இவர் பேரை வாசிங்க, இவர் நிக்கட்டும். என் பேரை எடுத்துடுங்க."

"குடும்பமா நிக்கறதுதானேம்மா வழக்கம்?"

"தெரியும் ஐயா," என்றேன். "நான் உக்காந்திருப்பேன்."