நாலாம் தொட்டி

ஆறு தொட்டிகளில் ஐந்தில் தக்காளிக் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. நாலாம் தொட்டி மட்டும் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சையாக நின்றது. பதினெட்டு நாளாக உப்புத் தண்ணீர் குடித்த செடிக்கு இவ்வளவு திமிர் ஆகாது. ஆராய்ச்சிக்காரிக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது.

ஆய்வகத்தின் கண்ணாடிக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்ததால் கன்றுகளை வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்திருந்தாள். வீட்டில் மாமனார் இருந்தார். வாடின செடியைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"மாமா, நாலாம் தொட்டிக்கு நல்ல தண்ணி ஊத்தினீங்களா?"

"அதுக்கு எதுக்கும்மா? அது ஜம்முனு இருக்கு. வாடிப்போனதுங்களுக்குத்தான் நாலு நாளா ஆளுக்கு ஒரு சொம்பு. பாவம், எத்தனை நாளைக்குத்தான் உப்பையே குடிக்கும்!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உப்பைத் தாங்கும் தக்காளியைத் தேடி மூன்று வருட வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவைக் காட்டாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

நாலாம் தொட்டியில் அடி இலை ஒன்றையும் கொழுந்து ஒன்றையும் கிள்ளி, தனித்தனியாக நசுக்கி, உப்பு அளக்கும் மீட்டரை வைத்தாள். அடி இலையில் எண் எகிறியது. கொழுந்தில் அசையவே இல்லை. உப்பு உள்ளே போயிருக்கிறது. செடிதான் அதைப் பழைய இலைகளுக்குத் தள்ளிவிட்டு, அங்கே ஒவ்வொரு செல்லும் தன் நீர்ப்பைக்குள் அதை அடைத்துப் பூட்டி, கொழுந்தைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் நல்ல தண்ணீர் குடித்துவிட்டதால், ஒப்பிட்டுக் காட்ட மற்ற ஐந்தும் இனி உதவாது. சொம்பு விஷயம் மாமாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை நல்லபடியாகப் போய்விடும். அவள் பேராசிரியருக்குப் போன் போட்டு, சொம்பையும் சேர்த்தே சொன்னாள்.

"மறுபடி முதல்லேர்ந்தா? நடுவுல திட்டத்தை நிறுத்திட்டாங்கன்னா என்னம்மா பண்ணுவே?"

"நிறுத்தினா நிறுத்தட்டும் சார். விதை என்கிட்ட இருக்கு. மாடியும் இருக்கு."

புதுக் கன்றுகள் நாலு இலை விட்டதும், உப்புத் தண்ணீர் ஊற்றும் வேலையை மாமாவிடமே கொடுத்தாள்.

"வாடினாக்கூட நல்ல தண்ணி கிடையாதா?"

"கிடையாது மாமா. ஒரு சொட்டுகூட."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குவளையில் கோடு வரைக்கும் உப்புத் தண்ணீரை அளந்தார். பிறகு முதல் தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குவளையை மெல்லச் சாய்த்தார்.