மூன்றாம் ஓலைக்கு முன்

மூன்றாம் ஓலைக்கு இன்னும் நாற்பது மணித்தியாலம் இருந்தது. ஓலை என்கிற எங்கள் கலியாண அறிவித்தலை ஏற்கெனவே இரண்டு ஞாயிறு மாதா கோயிலில் வாசித்துவிட்டார்கள். மூன்றாவதும் வாசித்தால் டினேஷுக்கும் எனக்கும் கலியாணம் உறுதி. அதற்கு முன் அவருக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

கீரிக் கடற்கரையில் அவர் படகு இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை மதுஷிகா.

"மச்சாள் வாறா. அண்ணா, கையைத் துடை. அவ கம்பஸிலை படிச்சவ, கிருமி இருக்கோ எண்டு பார்ப்பா," என்றாள்.

"நீ போய்த் தேத்தண்ணி போடு."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். டினேஷ் என் அண்ணா பெனடிக்றைப் பற்றி விசாரித்தார்.

"நடை இன்னும் மோசம்," என்றேன்.

"சங்கு குளிச்சு வந்த வினை. அவரைப் பாத்துத்தான் நான் குளிக்கிறதையே விட்டனான்."

ஊரும் அப்படித்தான் நம்பியது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலேறிக் கால் விழுந்துபோனவர்கள் இங்கே பலர்.

"அது குளிச்சதாலை இல்லை. கடலிலை கால் போனால் ஒரே நாளிலை போகும். அண்ணாவுக்கு எட்டாம் வகுப்பிலையே செருப்புக் கழண்டு விழும். அப்ப அவர் கடலுக்கே போகேல்லை."

"அப்ப என்ன?"

மணலில் நீளமாக ஒரு கோடு கீறினேன்.

"முதுகிலையிருந்து கால்விரல் வரைக்கும் ஒரே நரம்புக் கலம். அவ்வளவு தூரம் வளர, உள்ளுக்குள்ளை ஒரு புரதம் வேலை செய்ய வேணும். அண்ணாவின்ரை புரதச் சங்கிலியிலை ஒரேயொரு கண்ணி மாறியிருக்கு."

"ஒரு கண்ணிக்கே இவ்வளவு?"

"கம்பஸ் ஆய்வுகூடத்திலை ரெண்டு விதக் கலத்தையும் வளத்துப் பாத்தனான். சரியான புரதம் இருந்த கலம் தட்டு முழுக்க நார் விட்டுது. மாறினது பாதியிலை நிண்டுட்டுது. நீளமான நரம்புதான் முதல் அடிபடும். அதுதான் பாதம்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மருந்து?"

"இன்னும் இல்லை. பாதத்துக்குத் தாங்கி போட்டு, பயிற்சி செய்தால் கன வருசம் நடக்கலாம்."

"உது எங்கையிருந்து வந்தது?"

"அப்பாவிட்டையிருந்து. அவர் கடைசியிலை தடியோடை நடந்ததும் இதாலைதான்."

"அப்ப அண்ணாவின்ரை பிள்ளையளுக்கும் வருமோ?"

"வரவும் கூடும், வராமலும் விடும். ரெண்டுக்கும் சரிபாதி."

டினேஷ் கோட்டைப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"நீர் நல்லாத்தானே நடக்கிறீர்."

"இப்ப நடக்கிறன். போன வருசம் இரத்தம் குடுத்துச் சோதிச்சனான்," என்றேன். "எனக்கும் இருக்கு."