அறுந்த வடம் எவ்வளவு தூரம் பாயும்

அண்ணன் இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கிற வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவன். தங்கை அதே தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்குள் வடம் அறுக்கிறவள். இரும்பு வடத்தைக் குட்டிக் குட்டி உருண்டைகளாக்கி, உருண்டைக்கு உருண்டை பிணைப்புப் போட்டு, இழுத்து, வளைத்து, அறுத்துப் பார்ப்பாள். திரையில் வடம் அறுந்ததும் சமர்த்தாகக் கீழே விழுந்தது. அந்தக் கணக்கை நம்பித்தான், அறுந்த வடம் இதைத் தாண்டாது என்று பட்டறைத் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள்.

"உருண்டை பிடிக்கிறதுக்கெல்லாம் சம்பளமாடி?" என்று வீட்டில் அவளைப் பாடாய்ப் படுத்துவான் அண்ணன். வெளியே போனால் வாய் ஓயாமல் அவள் பெருமைதான்.

வடத்தை அறுத்துச் சோதிக்கும் நாள் வந்தது. மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"ஏன்டா பம்முறீங்க? என் தங்கச்சி போட்ட கோடுடா இது!" என்று அவன் மட்டும் கோட்டுக்கு வெளியே, அதை ஒட்டி நின்று பொத்தானை அழுத்தினான்.

மேலே கண்ணாடி அறையில் அவள் தன் கணக்கை இன்னொரு முறை திறந்தாள். முதலில் உருண்டைகள் கண்டபடி துள்ளும். அவற்றை அடக்க, வேகத்தை உறிஞ்சிவிடும் தணிப்பு என்ற எண்ணை ஏற்றிவைப்பார்கள். அறுக்கும் முன்பு இறக்கிவிட வேண்டும். ஏற்றியது ஏற்றியபடியே கிடந்தது. அடிப்பாவி, அந்த வடத்தைச் சீறவே விடவில்லையே!

"அண்ணா, நிறுத்து! பின்னால போ!"

கண்ணாடியைப் படபடவென்று அறைந்தாள். வின்ச் போடுகிற கூச்சலில் யாருக்குக் கேட்கும்? அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக் கையசைத்தான்.

வடம் வெடித்தது. அறுந்த முனை ஒரு சுற்றுச் சுழன்று, இரும்புக் கம்பத்தை வளைத்து, கோட்டைத் தாண்டி வந்து, அவன் இடது காலை முழங்காலுக்குக் கீழே துண்டாக்கிக்கொண்டு போனது. சுவரெல்லாம் ரத்தம்.

அவள் ஓடிவந்து, துப்பட்டாவைத் தொடையில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். மேலாளர் பதறிக் குனிந்தார்.

"கோட்டுக்கு உள்ள நின்னியாப்பா?"

"ஆமா சார்... நான்தான் உள்ள போயிட்டேன். அவ கணக்கு சரிதான்."

மேலாளர் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி பரவியது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் சொல்றான் சார்! வெளியதான் நின்னான். கணக்குத்தான் தப்பு. நான் போட்ட கணக்கு."

"வாயை மூடுடி," என்று அண்ணன் அழுதுகொண்டே கெஞ்சினான்.