வெடிகுண்டு பாஷாவின் பின்மண்டை

எங்க வீட்டுக்காரர் ஜானி பாஷா ஒரே ஒரு சினிமாவுல தலை காட்டினாரு. அந்த ஒண்ணுக்கே இருபத்தஞ்சு வருஷமா நான் பதில் சொல்லிக்கினு இருக்கேன்.

அப்பவும் இப்பவும் அவருக்கு ஆட்டோ சீட்டு தைக்கிற வேலைதான். திருவண்ணாமலையில சண்டைப்படம் எடுக்க வந்தவங்க இவர் தாடியப் பாத்ததும், பாம் வைக்கிற ஆளு கெடச்சிட்டான்னு இட்டுக்கினு போயிட்டாங்க. அந்தக் காலத்துப் படத்துல நம்மாளுங்களுக்கு ரெண்டே வேலைதான். ஒண்ணு பாம் வைக்கணும், இல்ல ஹீரோவுக்கு வர்ற குண்டை நெஞ்சுல வாங்கிக்கினு சாவணும். மளிகைக் கடையில கால் கிலோ துவரம்பருப்பு வாங்குற பாயை எந்தப் படத்துலயாவது பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல.

அதுலேர்ந்து தெருவுக்கே இவர் 'பாம் பாஷா'. எங்க பொண்ணு தஹ்சீனுக்குப் போன வருஷம் வந்த நல்ல சம்பந்தம் அந்தப் பேரைக் கேட்டே திரும்பிப் போச்சு. இந்தத் தடவ வேங்கிக்கால்லேர்ந்து ரஹமத் பாய் குடும்பம் பொண்ணு பாக்க வர்றாங்கன்னதும், வீட்டுல சினிமாப் பேச்சே கூடாதுன்னு சொல்லிட்டேன். அவங்க பையன் சாகிலை தஹ்சீனுக்கு ரொம்பப் புடிச்சிருந்தது.

கெடுத்தது எதிர்வீட்டு ஆதிமூலம். மனுஷனுக்குப் பாசம் ஜாஸ்தி, அதான் பிரச்சனை. அந்தப் பழைய படத்தப் புதுசு பண்ணி தியேட்டர்ல விடுறாங்கன்னு தெரிஞ்சதும், தெருமுனையில பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டிட்டாரு. 'மண்ணின் மைந்தர் வெடிகுண்டு பாஷா அவர்களே, வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.' இவரை விட அவர் ரெண்டு வயசு பெரியவரு. கீழ அவர் போட்டோ, சம்சாரம் சந்திரகலா போட்டோ, ரெண்டு வயசுப் பேரன் செல்போன் பேசுற போட்டோ. நடுவுல எங்க வீட்டுக்காரரோட பின்மண்டை.

ரஹமத் பாய் சரியா அதுக்குக் கீழதான் கார்லேர்ந்து எறங்கினாரு. அண்ணாந்து பாத்துக்கினே நின்னாரு. போச்சு, இதுவும் போச்சுன்னு நெனச்சேன்.

உள்ள வந்து உக்காந்தவர் டீயைத் தொடல. "ஏங்க, அது என்ன பின்மண்டை போட்டோ?"ன்னு கேட்டாரு.

இவர் பதில் சொல்ற வரைக்கும் எனக்குப் பொறுக்கல.

"நான் சொல்றேங்க. பாம் வைக்கிறதுக்கு முன்ன நமாஸ் பண்ற சீனு. மூஞ்சியும் தெரியணும், பின்னாடி மலையும் தெரியணும், கெழக்கப் பாத்து உக்காருன்னான் டைரக்டர். நம்ம ஊர்ல மலையும் மேக்க, நாம பாத்துத் தொழுவுற கிப்லாவும் மேக்க. பாம் எந்தப் பக்கம் வேணா வைக்கிறேன், நமாஸ் மேக்கதான்னு இந்த மனுஷன் ஒத்தக்கால்ல நின்னாரு. பதினோரு தடவ சண்டை. கடைசியில கேமராவத் தூக்கினு போய் இவர் பின்னாடி வெச்சாங்க. பாம் வைக்கிற கை கூட வேற எவனோடதோ. இருந்த ஒரு சீன்லயும் மூஞ்சி போச்சு, பேரு மட்டும் கெட்டுச்சு. வெளங்காத மனுஷன்."

ரஹமத் பாய் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"சண்டைப்படம்னா எனக்கு உயிரும்மா. எல்லாப் படத்துலயும் நம்மாளு இஷ்டத்துக்கு எங்கயாவது பாத்துத் தொழுவான். ஒரே ஒரு படத்துல ஒருத்தன் நேரா கிப்லாவப் பாத்து உக்காந்திருந்தான். மலைய வெச்சுத்தான் கண்டுபுடிச்சேன். யாரோ ஒருத்தன் நமக்காக அடம் புடிச்சிருக்கான்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இத்தன வருஷம் இவரைத் திட்டினதெல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு.

"சம்பந்தி, கொஞ்சம் திரும்பி உக்காருங்க. ஒரு தடவ நல்லாப் பாத்துக்கறேன்"னாரு ரஹமத் பாய்.

இவரும் திரும்பி உக்காந்தாரு. மேக்கப் பாத்துதான்.